லூயி ஸ்பொரோவ்ஸ்கி

மாட்டு வண்டி ஓட்டுவோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. வலிமை மிக்க காளைகள் இரண்டை நுகத்திற் பூட்டிவிட்டால் மட்டும் வண்டி நன்றாக ஓடிவிடாது. அச்சு, ஆரக்கால், ஏர்க்கால், கடையாணி ஆகிய யாவும் அக்காளைகளின் வலிமையைத் தாங்கும் திறன் உடையனவாக இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று நலிந்திருப்பினும் வண்டி குடைசாயும். மாட்டு வண்டிக்குரிய இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். மனித வாழ்வுக்கும் பொருந்தும். ஆகாய விமானத்துக்கென அமைந்த பேரெஞ்சின்களைத் தம் இல்லத்துப் பட்டறையிலேயே பந்தய வண்டிகளிற் பொருத்தி உலகை வியக்கச் செய்த லூயி ஸ்பொரோவ்ஸ்கி என்பாரின் வரலாறு இதனைத் தெளிவாக உணர்த்தும்.

லூயி ஸ்பொரோவ்ஸ்கி 1895ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய தந்தையார் எலியட் ஸ்பொரோவ்ஸ்கி, அமெரிக்க நாட்டிற் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். பிரபு என்னும் பொருள்படும் பட்டப்பெயரால் அழைக்கப்பெற்றவர். தாயார் அமெரிக்காவின் பெருஞ்செல்வக் குடும்பங்களுள் ஒன்றாகிய ஆஸ்டர் குடியைச் சேர்ந்தவர். நியூயார்க் மாநகரின் நடுவணதாகிய மான்ஹாட்டன் பகுதியில் அக்குடும்பத்துக்கு விலைமதிப்பு மிக்க நிலங்கள் இருந்தன. எனவே, குழந்தை லூயி செல்வத்தின் மடியிலேயே வளர்ந்தான் எனலாம்.

ஆயினும், செல்வம் தடுக்க இயலாத துயரம் ஒன்று அச்சிறுவனுக்கு நேர்ந்தது. எலியட் மோட்டார் பந்தயத்தில் பெரு விருப்பம் கொண்டவர். மோட்டார் வண்டியே உலகுக்குப் புதிதாயிருந்த காலம் அது. 1903ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பிரான்சு நாட்டின் தென்கரையிலுள்ள நீஸ் நகருக்கு அருகில், லா டர்பி என்னும் மலைப்பாதையில் ஒரு பந்தயம் நடைபெற்றது. எலியட் தம் மெர்சிடிஸ் வண்டியை விரைந்து செலுத்தியபோது, அது பாறையில் மோதவே உயிர் துறந்தார். அப்போது லூயிக்கு வயது எட்டு. பின்னர் 1911ஆம் ஆண்டில் தாயாரும் மறைந்தார். பதினாறு வயதில் லூயி, பெற்றோரை இழந்த பிள்ளையாகவும் பெருஞ்செல்வத்துக்கு உரியவராகவும் ஒருங்கே ஆனார். சிறிய வண்டியொன்றில் பெரிய எஞ்சினைப் பொருத்தியது போன்றதொரு நிலை அது.

இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில், கான்டர்பரி நகருக்கு அருகில், ஹைகாம் பார்க் என்னும் மாளிகை அவருக்கு உரியதாயிற்று. இத்தகைய செல்வ இளைஞர் பலர் வேட்டையிலும் விருந்திலும் பொழுதைக் கழித்தனர். லூயியின் மனமோ பொறிகளை நாடிற்று. மாளிகையின் குதிரை லாயங்கள் அவர் காலத்தில் பட்டறைகளாயின. குதிரைகள் நின்ற இடத்தில் எஞ்சின்கள் நின்றன. சேணமும் கடிவாளமும் தொங்கிய சுவர்களுக்கிடையே சுத்தியலும் அரமும் ஒலித்தன. விலை கொடுத்து எத்தகைய வண்டியையும் வாங்கவல்ல அச்செல்வர், எண்ணெய்க் கறை படிந்த பட்டறையையே தம் மாளிகையின் சிறந்த பகுதியாகக் கொண்டார்.

அவருக்கு உறுதுணையாக வாய்த்தவர் காப்டன் கிளைவ் காலப் என்னும் பொறியியல் வல்லுநர். பென்ட்லி வண்டியின் முதல் எஞ்சினை உருவாக்குவதிற் பங்கு கொண்டவர் அவர். ஸ்பொரோவ்ஸ்கியின் துணிவும் பொருளும், காலப்பின் கணக்கும் வரைபடமும், பட்டறைத் தொழிலாளரின் கைத்திறனும் ஒன்று சேர்ந்தன. பின்னர்ப் புகழ்பெற்ற வண்டிகள் இம்மூன்றின் கூட்டுறவால் விளைந்தனவேயன்றித் தனியொருவர் செயலால் விளைந்தன அல்ல.

முதல் உலகப்போர் 1918ஆம் ஆண்டு முடிவுற்றது. போருக்கெனச் செய்யப்பட்ட விமான எஞ்சின்கள் பல, வேலையற்றுக் கிடங்குகளில் அடைந்து கிடந்தன. கோடிக்கணக்கான பொருட்செலவில் உருவானவை, குறைந்த விலைக்கு விற்பனைக்கு வந்தன. அழிவு வேலைக்கென அமைந்த அவ்வாற்றலை வேறு வழியிற் பயன்படுத்தலாம் என்று கருதியவர் சிலர். ஸ்பொரோவ்ஸ்கியும் அவருள் ஒருவர்.

ஜெர்மனி நாட்டின் மேபாக் நிறுவனம், வானக் கப்பல்களுக்கும் பெரிய விமானங்களுக்கும் உரியதாகச் செய்த எஞ்சின் ஒன்றை அவர் பெற்றார். அதில் ஆறு உருளைகள் இருந்தன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 23 லிட்டர். உருளை ஒன்றின் கொள்ளளவு மட்டும் ஏறத்தாழ நான்கு லிட்டர். இக்காலத்துச் சிறிய கார் ஒன்றின் எஞ்சின் முழுவதும் சேர்ந்தே ஒரு லிட்டர் அல்லது ஒன்றரை லிட்டர் அளவினதாக இருப்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும். அதன் ஆற்றல் சுமார் 300 குதிரைத்திறன். அந்நாளில் உலகெங்கும் மிகுதியாக விற்பனையான போர்டு டி மாதிரி வண்டியின் ஆற்றல் 20 குதிரைத்திறனே. பதினைந்து வண்டிகளின் வலிமையை ஒரே வண்டியில் அடைக்க முனைந்தார் ஸ்பொரோவ்ஸ்கி.

இவ்வெஞ்சினை ஏற்றுவதற்கு, போருக்கு முற்பட்ட மெர்சிடிஸ் வண்டி ஒன்றின் அடிச்சட்டத்தைத் தேர்ந்தெடுத்தனர். பழைய எஞ்சினைக் கழற்றி எடுப்பது எளிது. புதியதனை அவ்விடத்தில் அமர்த்துவதே அரிது. எஞ்சின் நீளமாயிருந்தமையால் அடிச்சட்டத்தையும் நீட்ட வேண்டியதாயிற்று. நீட்டினால் சட்டம் வளையும். ஆதலின் அதனை வலுப்படுத்தவும் வேண்டும். முன்னச்சின் மீது சுமை மிகும். ஆதலின் வில்தகடுகள் அதனைத் தாங்கும் வண்ணம் அமைய வேண்டும். இவ்வாறு ஒரு மாற்றம் மற்றொரு மாற்றத்தை வேண்டி நின்றது.

விமானத்துக்குரிய எஞ்சினுக்கும் வண்டிக்குரிய எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டும் இல்லை. விமானத்தில் எஞ்சின் காற்றாடியைச் சுழற்றினால் போதும். ஆங்கே கிளட்ச் வேண்டுவதில்லை; கியர் மாற்ற வேண்டுவதில்லை; பின்னோக்கிச் செல்லவும் வேண்டுவதில்லை. வண்டியோ நிற்க வேண்டும், புறப்பட வேண்டும், மெல்லச் செல்ல வேண்டும், விரைய வேண்டும், மீண்டும் நிற்கவும் வேண்டும். ஆகவே எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் இடையே கிளட்சும் கியர்ப் பெட்டியும் அமைந்து, அப்பேராற்றலைச் சிறிது சிறிதாக வாங்கிச் சக்கரங்களுக்கு அளித்தல் இன்றியமையாதது. மேலும், விமானம் பறக்கும்போது காற்று இடைவிடாது வீசி, எஞ்சினைச் சுற்றிவரும் நீரைக் குளிர்விக்கும். தரையில் நிற்கும் வண்டிக்கு அவ்வுதவி இல்லை. எனவே, அதற்கேற்ற குளிர்நீர்த் தொட்டி தேவைப்பட்டது.

இன்னுமொரு சிறப்பும் கருதத் தக்கது. அவ்விமான எஞ்சின் மெதுவாகச் சுழலும் இயல்பினது; நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,500 சுற்றுகளிலேயே தன் முழு ஆற்றலையும் தரவல்லது. மெதுவாகச் சுழன்று பேராற்றல் தரும் பொறி, தன்னோடு இணைந்த தண்டுகளையும் பற்சக்கரங்களையும் மிக்க விசையுடன் முறுக்கும். இந்த முறுக்கு விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்லத் தடித்த சங்கிலிகள் இரண்டு பயன்பட்டன. மிதிவண்டியில் ஒரு சங்கிலி செய்யும் வேலையை அவ்வண்டியில் இரு புறமும் இரு சங்கிலிகள் செய்தன. பற்சக்கரத்தை மாற்றிச் சங்கிலியை மாட்டினால் வண்டியின் வேக அளவையும் வேண்டியவாறு மாற்றிக்கொள்ள இயன்றது.

இவ்வளவும் விரைவதற்கு வேண்டியவை. நிறுத்துவதற்கு வேண்டியவையோ அந்நாளில் வளர்ச்சி பெறவில்லை. போருக்கு முற்பட்ட வண்டிகளில் முன்சக்கரங்களுக்குப் பிரேக்கு இருத்தல் அரிது. டயர்களும் பெருவேகத்தைத் தாங்கும் உரம் பெற்றிருக்கவில்லை. வலிமை வந்து சேர்ந்த விரைவில் அதனை அடக்கும் கருவிகள் வந்து சேரவில்லை. இக்குறையைக் காலம் பின்னர் வெளிப்படுத்திற்று.

1921ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகையின்போது அவ்வண்டி புரூக்லாண்ட்ஸ் பந்தயக் களத்துக்கு வந்தது. லண்டன் மாநகருக்குத் தென்மேற்கே 1907ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அக்களம், மோட்டார் பந்தயத்துக்கெனவே கான்கிரீட்டால் கட்டிய பெரும்பாதையாகும். வளைவுகளில் அப்பாதை கோட்டைச் சுவர்போல் உயர்ந்து சரிந்திருக்கும். அழகிய பந்தய வண்டிகள் அணிவகுத்து நின்ற அவ்விடத்தில், நான்கு இருக்கைகள் கொண்ட ஒழுங்கற்ற கூண்டும், அடுப்புப் புகைபோக்கி போன்ற பருத்த குழாயும் தாங்கி ஸ்பொரோவ்ஸ்கியின் வண்டி வந்து நின்றது. அதன் தோற்றத்தைக் கண்டு நகைத்தோர் சிலர் இருந்திருப்பர். பந்தயம் தொடங்கியதும் அந்நகைப்பு வியப்பாக மாறிற்று. மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட, அதாவது 160 கிலோமீட்டரைக் கடந்த வேகத்தில் விரைந்து, முதல் வருகையிலேயே அது வெற்றி ஈட்டிற்று.

அவ்வண்டிக்குச் சிட்டி பாங் பாங் என்று பெயரிட்டனர். பேருருளைகள் மெதுவாக இயங்குங்கால் எழும் ஓசையையே அப்பெயர் குறிக்கும் என்பர். பின்னர்க் காற்றைக் கிழித்துச் செல்லத்தக்க ஒடுங்கிய கூண்டு அமைக்கப்பெற்று, அதன் வேகம் மணிக்கு 120 மைல் வரை உயர்ந்தது. அதனைத் தொடர்ந்து, 18.8 லிட்டர் பென்ஸ் விமான எஞ்சின் பூண்ட இரண்டாவது வண்டியும் ஹைகாம் பட்டறையில் உருவாயிற்று. 1922ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்பொரோவ்ஸ்கி, தம் மனைவியாரோடும் காலப் முதலிய நண்பரோடும் அவ்வண்டியிலேறி, மத்தியதரைக் கடலைக் கடந்து சகாராப் பாலைநிலத்துக்குச் சென்றார். வீட்டுப் பட்டறையில் எஞ்சின் மாற்றிய வண்டி ஒன்று கடல் கடந்து பாலை மணலில் நின்ற காட்சி, செய்தவர் கைத்திறனுக்குச் சான்றாக விளங்கிற்று. அவ்விரண்டாம் வண்டி இன்றும் அழியாது உள்ளது. மெர்சிடிஸ் விமான எஞ்சின் பூண்ட மூன்றாவது வண்டியும் பின்னர் உருவாயிற்று.

வெற்றி தொடர்ந்து வருமாயின் எச்சரிக்கை குறைவது மனித இயல்பு. அதே 1922ஆம் ஆண்டில் புரூக்லாண்ட்ஸ் களத்தில் முதலாம் சிட்டி பாங் பாங் பெருவேகத்தில் ஓடுகையில் நெறி தவறியது. முன் டயர் ஒன்று வெடித்தமையே காரணம் என்பர். ஸ்பொரோவ்ஸ்கி உயிர் தப்பினார். ஆனால், ஓடுங்காலம் கணக்கிட்டு நின்ற அலுவலர் ஒருவர் தம் கைவிரல்கள் மூன்றை இழந்தார். எஞ்சின் தன் கடமையில் தவறவில்லை; அதன் ஆற்றலைத் தாங்கிய உறுப்புகளுள் ஒன்றே தவறிற்று. வண்டியோடு தொடர்பற்ற ஒருவர் அத்தவற்றின் விலையைக் கொடுக்க நேர்ந்தது. ஆற்றலைக் கையாள்பவர் தம் உயிரை மட்டுமன்றிப் பிறர் நலத்தையும் கையில் ஏந்தியிருக்கிறார் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஸ்பொரோவ்ஸ்கி தம் பொருளைப் பிறர் முயற்சிக்கும் வழங்கினார். அந்நாளில் சிறியதொரு நிறுவனமாயிருந்த ஆஸ்டன் மார்ட்டினுக்குப் பண உதவி செய்தார். அதன் பயனாக உருவான பந்தய வண்டிகளை அவரும் காலப்பும் 1922ஆம் ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நடைபெற்ற பிரெஞ்சுப் பெரும்பந்தயத்தில் ஓட்டினர். 1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்திலும் அவர் கலந்துகொண்டார். அவ்வாண்டு ஸ்பெயின் நாட்டுப் பெரும்பந்தயத்தில் இரண்டாம் இடம் பெற்றார்.

இதற்கிடையே ஹைகாம் பட்டறையில் மற்றொரு வண்டி உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கெனத் தேர்ந்தது, அமெரிக்காவில் போர்க்காலத்தில் அமைந்த லிபர்ட்டி விமான எஞ்சின். பன்னிரண்டு உருளைகளும் 27 லிட்டர் கொள்ளளவும் சுமார் 450 குதிரைத்திறனும் உடையது அது. பென்ஸ் பந்தய வண்டி ஒன்றின் கியர்ப் பெட்டியும் சங்கிலிகளும் அதனோடு இணைக்கப்பெற்றன. ஹைகாம் ஸ்பெஷல் என்னும் பெயர் பெற்ற அவ்வண்டியை முற்றும் செம்மைப்படுத்தும் காலம் அவருக்கு வாய்க்கவில்லை.

அவருடைய ஆர்வம் சாலையோடு நிற்கவில்லை. மாளிகைத் தோட்டத்தில் பதினைந்து அங்குல அகலமுடைய சிறு இருப்புப்பாதை ஒன்றையும் அவர் அமைத்திருந்தார். காப்டன் ஹோவி என்னும் நண்பரோடு சேர்ந்து, உண்மைப் புகைவண்டியைப் போன்றே விரைந்தோடும் சிறு புகைவண்டிகளைப் பொதுமக்களுக்காக இயக்கத் திட்டமிட்டு, 1924ஆம் ஆண்டில் இரண்டு நீராவி எஞ்சின்களைச் செய்யுமாறு பணித்தார். அவற்றைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை.

1924ஆம் ஆண்டு மெர்சிடிஸ் நிறுவனத்தின் அணியில் அவருக்கு இடம் கிடைத்தது. தந்தையார் இறுதியாக ஓட்டிய வண்டியின் பெயரும் மெர்சிடிஸ் என்பதை அவர் அறியாதவர் அல்லர். அக்டோபர் 19ஆம் நாள் இத்தாலி நாட்டின் மான்சா களத்தில் பெரும்பந்தயம் நடைபெற்றது. லெஸ்மோ என்னும் வளைவில் அவர் வண்டி பாதையை விட்டு விலகி மரத்தில் மோதிற்று. இருபத்தொன்பது வயதில் ஸ்பொரோவ்ஸ்கி உயிர் நீத்தார். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் மாவட்டத்திலுள்ள பர்ட்டன் லாசர்ஸ் என்னும் சிற்றூரில், தாய் தந்தையர் துயிலும் இடத்துக்கு அருகிலேயே அவருடைய உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

அவர் விட்டுச்சென்ற ஹைகாம் ஸ்பெஷலை 125 பவுன் விலைக்கு வாங்கியவர் பாரி தாமஸ் என்னும் பொறிஞர். அவர் அதன் எஞ்சினையும் கூண்டையும் திருத்தி, பாப்ஸ் எனப் பெயரிட்டார். 1926ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரை மணலில் அதனைச் செலுத்தி, மணிக்கு 171 மைல், அதாவது 275 கிலோமீட்டர் வேகம் எய்தி, தரைவழி வேகத்தில் உலகில் முதன்மை பெற்றார். அடுத்த ஆண்டு பிறர் அதனைக் கடக்கவே, மீண்டும் முயன்றார். 1927ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் அதே மணலில் வண்டி கவிழ்ந்து அவரும் மாண்டார். சங்கிலி அறுந்ததே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. வண்டியை அம்மணலிலேயே புதைத்துவிட்டனர். 1969ஆம் ஆண்டு அது தோண்டி எடுக்கப்பெற்றுப் பழுது நீக்கப்பட்டது. அப்போது நிகழ்ந்த ஆராய்ச்சியால் சங்கிலியைப் பற்றிய பழைய கருத்து ஐயத்துக்கு உள்ளாயிற்று. காரணம் எதுவாயினும் உண்மை ஒன்றே: அங்கும் எஞ்சினின் ஆற்றல் குறைபடவில்லை; ஏனைய உறுப்புகளின் உரம் அதற்கு ஈடாகவில்லை.

முதலாம் சிட்டி பாங் பாங் பலர் கைமாறி, இறுதியில் உறுப்பு உறுப்பாகக் கழற்றப்பட்டு மறைந்தது. எனினும் அதன் பெயர் மறையவில்லை. ஆங்கில எழுத்தாளர் இயான் பிளெமிங் அப்பெயரைத் தழுவிச் சிறுவர்க்கென எழுதிய கதை 1964ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஸ்பொரோவ்ஸ்கி செய்யப் பணித்த நீராவி எஞ்சின்களைக் கொண்டு ஹோவி கெண்ட் கடற்கரையில் தொடங்கிய சிறு இருப்புப்பாதை 1927ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அவ்விரு எஞ்சின்களும் இன்றும் அங்கு மக்களை ஏற்றிச் செல்கின்றன. உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய வேகம் சில ஆண்டுகளில் பிறரால் கடக்கப்பட்டது. குழந்தைகளும் பெரியோரும் மகிழ்ந்து செல்லும் சிறு புகைவண்டியோ நூறாண்டை எட்டியும் ஓய்ந்திலது.

ஸ்பொரோவ்ஸ்கியின் வாழ்வில் நாம் போற்றத்தக்கவை பல. பிறர் உழைப்பில் வாழத் தடையில்லாத செல்வம் பெற்றும், பட்டறையில் நின்று தொழில் கற்றார். வல்லுநரை மதித்து நண்பராக்கிக் கொண்டார். கிடங்கில் துருப்பிடிக்க இருந்த போர்ப் பொறிகளுக்குப் புதுவாழ்வு அளித்தார். அவர்தம் வாழ்வு நமக்கு விடுக்கும் எச்சரிக்கையும் ஒன்று உண்டு. ஆற்றல் எங்கிருந்தேனும் வந்து சேரலாம். செல்வமாகவோ கல்வியாகவோ பதவியாகவோ பொறியாகவோ வரலாம். அதனைத் தாங்கும் சட்டத்தையும் தடுத்து நிறுத்தும் கருவியையும் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். காளையை வாங்குமுன் கடையாணியைச் சோதிக்கும் உழவனின் அறிவே எக்காலத்துக்கும் ஏற்ற அறிவாகும்.